சின்ன உடம்பு எத்தனை சுமை தாங்கும்?

போன வருடம் ஆகஸ்ட் கடைசி. பள்ளி மைதானத்து வேலியோரம் நின்று மகனின் அமெரிக்க ஃபுட்பால் பயிற்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயிற்சியாளர் பக்கத்தில் வந்து கைகொடுத்தார். "உங்கள் பையனுக்கு நல்ல கால். எப்படியும் பயன்படுத்திக்கொள்வோம். ஆனால் ரன்னிங் பேக்காக லோடு தாங்க மாட்டான்" என்றார். சொல்லும்போதே அவர் கை தானாக எழுந்து அவருடைய நெஞ்சுக்கு நேராக நின்றது. என் மகனின் உச்சந்தலை அவருக்கு அவ்வளவு உயரம்தான் வரும்.

மகன் ஒன்பதாம் வகுப்பு. 5 அடி 4 அங்குலம், 59 கிலோ. எங்கள் இரண்டு பேர் குடும்பத்திலும் யாரும் உயரம் கிடையாது. இனி வளர்ந்தாலும் இரண்டு மூன்று அங்குலம் வளர்வான். பயிற்சியாளர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று தெரியும். ஆனால் அந்த "லோடு" என்ற சொல் என்னை விடவில்லை. அது நான் தினமும் புழங்கும் சொல். மிச்சிகனில் கார் பாகங்களைச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். அச்சோ, சஸ்பென்ஷன் பாகமோ, எது வந்தாலும் மேடையில் மாட்டி, ஹைட்ராலிக் உருளையால் இரவும் பகலும் இழுத்தும் தள்ளியும், எத்தனை லட்சம் தடவைக்குப் பிறகு விரிசல் விடுகிறது என்று பார்ப்போம். ஒரு பாகத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு "சின்னதாக இருக்கிறது, தாங்காது" என்று எங்கள் இடத்தில் யாரும் சொல்ல முடியாது. எவ்வளவு லோடு, எந்தத் திசையில், எத்தனை தடவை என்று மூன்று கேள்வி உடனே வரும். வேலியோரம் நின்றபோது அந்தக் கேள்விகள் எனக்குத் தோன்றவில்லை. ராத்திரி படுத்த பிறகுதான் தோன்றின. அன்றிலிருந்து மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்க ஃபுட்பால் பழக்கமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான்கு முயற்சிக்குள் பந்தை 10 யார்டு முன்னால் நகர்த்த வேண்டும். நகர்த்திவிட்டால் மறுபடி நான்கு முயற்சி. பந்தை வீசியும் நகர்த்தலாம், கையில் இடுக்கிக்கொண்டு ஓடியும் நகர்த்தலாம். ஓடுவது பெரும்பாலும் ரன்னிங் பேக்கின் வேலை. கபடியில் பாடிப்போகிறவன் ஆளைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பிவிட்டால் தப்பித்தான். ரன்னிங் பேக்குக்குத் திரும்புவது என்பதே கிடையாது. முன்னால்தான் போக வேண்டும், அநேகமாக ஒவ்வொரு ஓட்டமும் இடி வாங்கித்தான் முடியும். இடிப்பவர்கள் 90 கிலோவிலிருந்து 150 கிலோ வரை இருப்பார்கள்.

தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் அணி ஒன்று ஓர் ஆட்டத்தில் ஏறக்குறைய 25, 30 தடவை ஓடும். அதில் 20 தடவை ஒரே ஆளிடம் பந்து போனால், 16 ஆட்டம் இருந்த பழைய சீசன் கணக்கில் 320 தடவை. எல்லாத் தடவையும் திறந்த வெளி கிடைக்காது. ஒரே ஒரு யார்டு வேண்டும், எதிரணிக்கும் அது தெரியும், எல்லோரும் நடுவில் குவிந்து நிற்கிறார்கள் என்ற நேரத்திலும் அவன்தான் பாய வேண்டும். பந்து வீசும்போது சும்மா நிற்கவும் முடியாது. பந்தை வீசுகிற குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்து வருகிறவனைக் குறுக்கே விழுந்து தடுக்க வேண்டும். இது மொத்தமும் சேர்ந்ததுதான் லோடு.

எனக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் ஆய்வகத்தில் மூத்த டெக்னீஷியனாக இருந்த ஒருவர். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். டெட்ராய்ட் லயன்ஸ் அணி பான்டியாக் சில்வர்டோமில் ஆடிய காலத்தில் அப்பாவோடு போய்ப் பார்த்தவர். மதிய உணவு நேரத்தில் பாரி சாண்டர்ஸின் பழைய ஓட்டங்களைக் கைபேசியில் போட்டுக் காட்டுவார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில் அவர் காட்டிய ஒன்று இன்றும் கண்ணில் நிற்கிறது. 1992 ஜனவரி 5, டல்லஸ் கௌபாய்ஸுக்கு எதிரான பிளேஆஃப், அதாவது சீசன் முடிந்த பிறகு வரும் நாக் அவுட் ஆட்டம். சாண்டர்ஸ் பந்தை வாங்கிக் கூட்டத்துக்குள் நுழைகிறார். சுற்றிலும் டல்லஸ் ஆட்கள். ஒரு கணம் அவர் நின்றேவிடுகிறார். அவ்வளவுதான், அமுக்கிவிட்டார்கள் என்று நினைக்கிறோம். ஆனால் பிடித்தவன் கையில் ஒன்றும் இல்லை. கூட்டத்துக்கு வெளியே அந்தச் சின்ன உருவம் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது. 47 யார்டு ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டார், டச் டவுன். அன்று லயன்ஸ் 38-6 என்று ஜெயித்தது. அதற்கு அடுத்த பிளேஆஃப் வெற்றிக்கு இந்த ஊர் 2024 ஜனவரி வரை காத்திருந்தது.

சாண்டர்ஸ் 5 அடி 8 அங்குலம். எடை 92 கிலோ. கான்சாஸின் விச்சிட்டாவில் பள்ளியில் படிக்கும்போது அவரையும் சின்னப் பையன் என்றுதான் ஒதுக்கி வைத்திருந்தார்கள். கடைசி வருட சீசன் தொடங்கி சில ஆட்டங்கள் போன பிறகுதான் முதன்மை ஓட்டக்காரன் இடம் கிடைத்தது. பெரிய கல்லூரிகள் பலவும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கூப்பிட்ட ஓக்லஹோமா ஸ்டேட்டுக்குப் போனார். 1988-ல் அங்கே 11 ஆட்டத்தில் 2,628 யார்டு ஓடினார். அடுத்த வருடம் டிராஃப்டில், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டில், மூன்றாவது ஆளாக லயன்ஸ் எடுத்தது.

அந்த 1989 சீசனைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். லீகிலேயே அதிக யார்டு ஓடியவர் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸின் கிறிஸ்டியன் ஒக்கோயே. நைஜீரியாவில் பிறந்து, வட்டெறிதலுக்காக அமெரிக்கக் கல்லூரிக்கு வந்து, அங்கேதான் முதன்முதலாக ஃபுட்பாலைத் தொட்டவர். 6 அடி 1 அங்குலம், 118 கிலோ. 370 தடவை பந்தை வாங்கி 1,480 யார்டு ஓடினார். இரண்டாவது இடம் முதல் வருடக்காரரான சாண்டர்ஸுக்கு. 280 தடவை, 1,470 யார்டு. கடைசி ஆட்டத்தில் லயன்ஸின் வெற்றி உறுதியாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் ஓடினால் லீகில் முதலிடம் உனக்குத்தான் என்று சொல்லியும் சாண்டர்ஸ் திரும்ப மைதானத்துக்குள் போகவில்லை.

118 கிலோவும் 92 கிலோவும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்ற வருடம் அது. 10 யார்டுதான் வித்தியாசம். ஆனால் அந்த இடத்துக்கு வந்து சேர ஒக்கோயே 90 தடவை அதிகமாக இடிபட்டிருக்கிறார். அடுத்த வருடம் அவருடைய கணக்கு 805 யார்டாக இறங்கியது. 1992-க்குப் பிறகு அவர் ஆடவில்லை. சாண்டர்ஸ் பத்து வருடம் ஆடினார், பத்திலும் 1,000 யார்டைத் தாண்டினார். பெரிய உடம்பு எதிராளியை இடித்துத் தள்ளுகிறது என்று புகழ்கிறோம். கொடுக்கிற இடி எவ்வளவோ அவ்வளவும் அதே தோளுக்குத் திரும்பி வருகிறது. இதை எந்த பிளஸ் டூ இயற்பியல் பையனும் சொல்வான்.

சாண்டர்ஸின் மொத்தக் கணக்கு: 153 ஆட்டம், 3,062 ஓட்டம், 15,269 யார்டு. வகுத்துப் பாருங்கள், ஆட்டத்துக்குச் சரியாக 20 ஓட்டம். இதைச் சின்ன லோடு என்று யாரும் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

சரி, மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1994 டிசம்பர் 31, கிரீன் பே மைதானத்தில் பிளேஆஃப். பேக்கர்ஸ் அணி சாண்டர்ஸை 13 ஓட்டத்தில் மைனஸ் 1 யார்டுக்கு அடக்கியது. லயன்ஸ் 16-12 என்று தோற்றது. "பார், சின்ன ஆளை நம்பினால் பெரிய ஆட்டத்தில் இதுதான் நடக்கும்" என்று சொல்கிறவர்கள் இன்றும் இந்த ஆட்டத்தைத்தான் காட்டுவார்கள். அந்த ஆட்டத்தின் ஒளிப்பதிவை நான் உட்கார்ந்து பார்த்தேன். பந்து கைக்கு வரும்போதே எதிரணி ஆட்கள் பின்களத்துக்குள் வந்துவிடுகிறார்கள். அவருக்கு முன்னால் நின்று வழி திறக்க வேண்டிய லைன்மேன்கள் தள்ளப்பட்டுக் கிடக்கிறார்கள். அந்த இடத்தில் 118 கிலோ ஆள் நின்றிருந்தால் விழும்போது முன்பக்கமாக விழுந்திருப்பார், 13 ஓட்டத்தில் ஒருவேளை 15 யார்டு வந்திருக்கும். ஆட்டம் மாறியிருக்காது.

மாறிய வருடம் 1997. பாபி ராஸ் புதுப் பயிற்சியாளராக வந்த சீசன். முதல் இரண்டு ஆட்டத்தில் சாண்டர்ஸ் 33, 20 என்று 53 யார்டுதான் ஓடினார். அதற்குப் பிறகு அவருக்கு முன்னால் இடித்து வழி திறக்கிற ஃபுல்பேக் ஒருவரை, டாமி வார்டெல்லை, ஓட வைத்தார்கள். மீதி 14 ஆட்டத்திலும் தவறாமல் நூறைத் தாண்டினார். அந்த 14 ஆட்டத்தின் கூட்டுத்தொகை சரியாக 2,000. சீசன் மொத்தம் 2,053. அவருக்கு அப்போது வயது 29. உடம்பு வளரவில்லை, எடை கூடவில்லை. லோடு வந்து சேரும் விதம்தான் மாறியது.

எங்கள் ஆய்வகத்தில் இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். கனமான பாகம் ஒன்று வரும், பார்த்தால் மலை மாதிரி இருக்கும், ஏதோ ஒரு மூலை மட்டும் கூர்மையாக விடப்பட்டிருக்கும். அங்கே ஆரம்பிக்கும் விரிசல். அதைவிட மெலிந்த இன்னொன்று, வளைவுகள் எல்லாம் வழவழவென்று இருந்தால், மாதக்கணக்கில் அசையாமல் தாங்கும். இன்னொன்றும் உண்டு. லோடை இரட்டிப்பாக்கினால் ஆயுள் பாதியாகக் குறையும் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். அப்படி இல்லை, பல மடங்கு குறைந்துவிடும். மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, அதை நான் சம்பளம் வாங்கிக்கொண்டு தினமும் நிரூபிக்கிறேன். சாண்டர்ஸ் நேர்க்கு நேர் இடி வாங்குவது அபூர்வம். எல்லாமே தோளை உரசிப்போகும், இடுப்பை உரசிப்போகும். எண்ணிக்கை 3,062 என்றாலும் ஒவ்வொன்றின் அளவும் குறைவு.

இந்த இடத்தில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குள்ளமாக இருப்பது வேறு, எடை குறைவாக இருப்பது வேறு. "சின்ன ஆள்" என்று சொல்லும்போது இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். என்எஃப்எல் வரலாற்றிலேயே அதிக யார்டு ஓடிய எமிட் ஸ்மித் 5 அடி 9 அங்குலம்தான். ஆனால் எடை 100 கிலோவுக்குப் பக்கம். 4,409 ஓட்டம், 18,355 யார்டு. 1994 ஜனவரி 2, நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் அவருக்கு வலது தோள் மூட்டு பிசகிவிட்டது. வெளியே போகாமல் ஆடினார். அன்று மொத்தம் 32 ஓட்டம், 10 பாஸ் பிடித்தார், 229 யார்டு. டல்லஸ் கூடுதல் நேரத்தில் ஜெயித்தது. அவரை யாரும் சின்ன ஆள் என்று சொல்வதில்லை. உயரத்தை அளந்தால் அவரும் சின்ன ஆள்தான்.

குள்ளமாக, கட்டையாக இருப்பது இந்த வேலைக்கு உதவிதான். முன்னால் நிற்கும் லைன்மேன்கள் ஆறே கால் அடி, 140 கிலோ. அவர்கள் முதுகுக்குப் பின்னால் 5 அடி 8 அங்குல ஆள் பந்தோடு இருக்கிறாரா இல்லையா என்றே அவரைப் பிடிக்க நிற்கும் எதிரணி லைன்பேக்கருக்கு அரை நொடி தெரியாது. இடிபடும்போது யாருடைய தோள் தாழ்ந்திருக்கிறதோ அவன் பக்கம்தான் வெற்றி என்பது எல்லாப் பயிற்சியாளரும் சொல்லும் பாலபாடம். உயரமானவன் அதற்காகக் குனிய வேண்டும். குள்ளமானவன் ஏற்கெனவே அங்கே இருக்கிறான். ஜாக்சன்வில் ஜாகுவார்ஸின் மாரிஸ் ஜோன்ஸ்-ட்ரூ 5 அடி 7 அங்குலம், 95 கிலோ. 2007-ல் சான் டியாகோவின் ஷான் மெரிமன், 6 அடி 4 அங்குல ஆள், குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்து வந்தார். ஜோன்ஸ்-ட்ரூ குறுக்கே போய், அடியிலிருந்து மேல்நோக்கி ஒரே இடி. மெரிமன் மல்லாந்து விழுந்தார். "சின்ன ஆள் பிளாக் பண்ண முடியாது" என்று யாராவது சொன்னால் நான் வாதாட மாட்டேன், அந்த ஒளிப்பதிவைக் காட்டிவிடுவேன்.

ஜோன்ஸ்-ட்ரூ என்றதும், எனக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்த அந்த டெக்னீஷியன் பெரியவர் முகம் மாறும். "அவர் கடைசியில் என்ன ஆனார் பார்த்தாயா?" என்பார். பார்த்தேன். 2006 டிராஃப்டின் முதல் சுற்றில் ஓர் அணியும் அவரை எடுக்கவில்லை. 32 அணியும் தன்னை விட்டுவிட்டதை நினைவில் வைத்துக்கொள்ள 32 என்ற எண்ணைச் சட்டையில் போட்டுக்கொண்டார். முதல் மூன்று வருடம் ஃபிரெட் டெய்லர் என்ற மூத்தவரோடு பங்கு போட்டு ஓடினார். டெய்லர் போன பிறகு மொத்தமும் இவர் தலையில் விழுந்தது. 2009-ல் 312, 2010-ல் 299, 2011-ல் 343. அந்த 2011-ல் 1,606 யார்டோடு லீகில் முதலிடம். அணியோ 5 வெற்றி, 11 தோல்வி. முதல் வருடக் குவார்ட்டர்பேக் தடுமாறிக்கொண்டிருந்தார், பந்து இவருக்குத்தான் வரும் என்று மைதானத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். 2012-ல் பாதம் போனது, 86 ஓட்டத்தோடு சீசன் முடிந்தது. திரும்பி வந்தார், பழைய கால் வரவில்லை. 30 வயது ஆவதற்குள் ஓய்வை அறிவித்துவிட்டார்.

"குள்ளமானவர், அதனால்தான் உடைந்தார்" என்று பெரியவர் சொன்னபோது நான் லாரி ஜான்சனைக் கேட்டேன். கான்சாஸ் சிட்டிக்காரர், 6 அடி 1 அங்குலம், 104 கிலோ. 2006-ல் 416 ஓட்டம், ஒரே சீசனில் அது இன்றும் சாதனை. அடுத்த வருடம் எட்டாவது ஆட்டத்தில் பாதம் போனது. அட்லாண்டாவின் ஜமால் ஆண்டர்சன் 107 கிலோ. 1998-ல் 410 ஓட்டம், 1999-ல் இரண்டாவது ஆட்டத்திலேயே முழங்கால். டெரிக் ஹென்றி 6 அடி 2 அங்குலம், 112 கிலோ, மனிதரா இரும்பா என்று எல்லோரும் வியக்கிறவர். 2020-ல் 378 ஓட்டம், 2,027 யார்டு. அடுத்த சீசன் எட்டாவது ஆட்டத்தில் அவருக்கும் பாதத்தில் எலும்பு முறிவு. இவர்கள் உடையும்போது "அதிகமாக ஓட வைத்துவிட்டார்கள்" என்கிறோம். ஜோன்ஸ்-ட்ரூ உடையும்போது மட்டும் "குள்ளம்" என்கிறோம். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. பெரியவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நீ ஜோ மோரிஸ் ஆட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும்" என்றார். அவரே எனக்கு ஆயுதத்தை எடுத்துக் கொடுத்தார்.

நியூயார்க் ஜயன்ட்ஸின் ஜோ மோரிஸ், 5 அடி 7 அங்குலம், 88 கிலோ. அணியில் சேர்ந்து முதல் இரண்டு வருடம் பெஞ்சில்தான். பில் பார்செல்ஸ் என்ற பயிற்சியாளர், உடம்பு பெருத்த, முரட்டு ஃபுட்பாலை விரும்பியவர், 1984 சீசனின் நடுவில் இவரிடம் பந்தைக் கொடுத்துப் பார்த்தார். 1985-ல் 21 டச் டவுன். 1986-ல் 341 ஓட்டம், 1,516 யார்டு. அது முடிந்ததும் பிளேஆஃப். சான் ஃபிரான்சிஸ்கோவை 49-3 என்று நொறுக்கிய ஆட்டத்தில் மோரிஸ் 159 யார்டு. அடுத்தது வாஷிங்டனோடு. அன்று காற்று பேயாக வீசியது. பந்தை வீசினால் எங்கே போகும் என்று தெரியாத நாள். அப்படிப்பட்ட நாளில் ஒரு சாம்பியன் அணி பந்தை யாரிடம் கொடுக்கும்? இந்த 5 அடி 7 அங்குல மனிதரிடம் கொடுத்தது, திரும்பத் திரும்ப. 17-0. பிறகு இறுதிப்போட்டியான சூப்பர் பவுல், டென்வரை 39-20 என்று ஜெயித்தார்கள்.

மோரிஸுக்கு முன்னால் ஓடியவர் மாரிஸ் கார்தன், 102 கிலோ ஃபுல்பேக். பக்கத்தில் மார்க் பவாரோ என்ற டைட் எண்ட், ஒரு லைன்மேன் அளவுக்கு இடிக்கிறவர். அவர்களுடைய வேலையை எடுத்துவிட்டால் மோரிஸ் இல்லைதான். ஆனால் எந்தப் பெரிய ஓட்டக்காரனும் தனியாக ஓடியதில்லையே.

எடை குறைந்தவர்கள் விஷயம் வேறு. அங்கே எனக்கும் தயக்கம் உண்டு. டேரன் ஸ்ப்ரோல்ஸ் 5 அடி 6 அங்குலம், 86 கிலோ. கான்சாஸ் ஸ்டேட் கல்லூரியில் 2003-ல் முழு லோடும் தூக்கி 1,986 யார்டு ஓடியவர். என்எஃப்எல்லில் 14 சீசன் ஆடினார், ஒரு சீசனிலும் 100 ஓட்டம் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. 2011-ல் நியூ ஆர்லியன்ஸில் ஓடியும், பாஸ் பிடித்தும், உதையைத் திருப்பிக்கொண்டு ஓடியும் மொத்தம் 2,696 யார்டு. லீக் சாதனை அது. அவரைப் பயிற்சியாளர்கள் சரியாகப் புரிந்துகொண்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். 14 சீசன் கிடைத்ததே அதனால்தான். அதே எடைப் பிரிவில் வாரிக் டன், 5 அடி 9 அங்குலம், 82 கிலோ சொச்சம். 12 சீசனில் 2,669 ஓட்டம், 10,967 யார்டு. டாம்பாவில் அவரோடு மைக் ஆல்ஸ்டாட், அட்லாண்டாவில் டி. ஜே. டக்கெட், இருவரும் 110 கிலோவைத் தொட்டவர்கள். முட்டி மோதி ஒரு யார்டு எடுக்கிற வேலை அவர்களுக்கு, மீதி டன்னுக்கு.

தயக்கம் பயமாக மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு 2010 கான்சாஸ் சிட்டி. ஜமால் சார்ல்ஸ், குள்ளமில்லை, ஆனால் 90 கிலோ மெலிந்த உடம்பு. அந்த வருடம் 230 ஓட்டத்தில் 1,467 யார்டு, ஓட்டத்துக்கு 6.4. அவரைவிட அதிகமாக, 245 தடவை, தாமஸ் ஜோன்ஸிடம் பந்து போனது. 32 வயது, ஓட்டத்துக்கு 3.7. சார்ல்ஸைக் காப்பாற்றுகிறோம் என்றார்கள். அடுத்த வருடம் இரண்டாவது ஆட்டத்திலேயே அவருக்கு முழங்கால் தசைநார் அறுந்தது, அதுவும் ஓடிவந்த வேகத்தில் மைதானத்துக்கு வெளியே கால் வைத்த இடத்தில். சேமித்து வைத்தது ஒன்றும் மிஞ்சவில்லை. அறுவை சிகிச்சை முடிந்து திரும்பி வந்த 2012-ல் 285 ஓட்டம் கொடுத்தார்கள், 1,509 யார்டு ஓடினார். கொடுத்திருந்தால் முன்பே ஓடியிருப்பார்.

இப்போது எங்கள் லயன்ஸில் ஜமீர் கிப்ஸ். 5 அடி 9 அங்குலம், 90 கிலோ. 2023 டிராஃப்டில் 12-வது இடத்தில் எடுத்தபோது, பாதி வேலைக்காரனுக்கு இவ்வளவு விலையா என்று ஊரே முணுமுணுத்தது. அப்போது அவரோடு டேவிட் மான்ட்கோமரி, 102 கிலோ. இருவரும் மாறி மாறி ஓடினார்கள். 2024 டிசம்பரில் மான்ட்கோமரிக்கு முழங்காலில் அடி. சீசனின் கடைசி ஆட்டம் 2025 ஜனவரி 5, மினசோட்டாவோடு. ஜெயிக்கிறவர்களுக்குத்தான் முதலிடமும் ஒரு வார ஓய்வும். ஊரே கிப்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தது. 23 ஓட்டம், 139 யார்டு, ஒரு பாஸையும் சேர்த்து நான்கு டச் டவுன். 31-9. பெரியவரை அன்று வீட்டுக்கு அழைத்திருந்தேன். மூன்றாவது டச் டவுனுக்கு அவர் எழுந்து என் மகனின் தோளைப் பிடித்து உலுக்கினார். ஒன்றும் சொல்லவில்லை. அவன் முகத்தை நான் பார்த்தேன், அதுவே போதும்.

இவ்வளவையும் பார்த்த பிறகு என் முடிவு இதுதான். குள்ளமானவன் முழு லோடும் தாங்குவான், தாங்கியிருக்கிறான், சாம்பியனாகவும் ஆகியிருக்கிறான். எடை குறைந்தவன் சில ஆட்டத்துக்கு, சில மாதத்துக்குத் தாங்குவான், பக்கத்தில் ஒரு பெரிய தோள் இருந்தால் பல வருடம் தாங்குவான். வருடத்துக்கு 400 இடியைத் தாங்குகிற உடம்பு எந்த அளவிலும் செய்யப்படவில்லை. கேள்வியை ஓடுகிறவனிடம் மட்டும் கேட்டுவிட்டு, ஓட வைக்கிறவரிடம் கேட்காமல் விடுவதுதான் தப்பு.

போன அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை மாலை. முதன்மை ஓட்டக்காரப் பையனுக்குக் காய்ச்சல். என் மகனுக்கு முன்னால் ஒரு பெரிய பையனை ஃபுல்பேக்காக நிறுத்தினார்கள். என் மனைவி எப்போதும் போல வரவில்லை, அவளால் பார்க்க முடியாது. நான் சட்டைப்பையில் இருந்த சின்ன நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். 14 ஓட்டம். நீளமானது 22 யார்டு. ஒரு தடவை லைன்பேக்கர் ஒருவன் குவார்ட்டர்பேக்கை நோக்கி வந்தான், இவன் குறுக்கே போனான், தூக்கி எறியப்பட்டான். ஆனால் அதற்குள் பந்து வீசப்பட்டுவிட்டது. கடைசி நான்கு நிமிடம் பந்து இவர்களிடமே இருந்தது, ஏழு தடவை இவனிடம் கொடுத்தார்கள். ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் இவன் ஹெல்மெட்டில் இரண்டு தட்டு தட்டினார்.

வீட்டில் சாப்பாட்டு மேசை மேல் அந்த ஹெல்மெட்டை வைத்துவிட்டுத் தோளில் ஐஸ் கட்டியோடு உட்கார்ந்தான். எதிரணியின் ஹெல்மெட் நீலம். இவனுடைய வெள்ளை ஹெல்மெட்டில் நீலச் சாயம் ஒட்டிய இடங்களை விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பி எண்ணினேன். ஒன்பது. ஏழு பக்கவாட்டில், நீளமான மெல்லிய கோடுகள், உரசிப்போனவை. இரண்டு மட்டும் உச்சிக்குச் சற்று முன்னால், கட்டை விரல் அகலத்துக்குத் தடிப்பாக.

"இது எப்போடா?"

"அது… தலையைக் குனிஞ்சுட்டேன்ப்பா. அந்தப் பிளாக் ஒண்ணு. அப்புறம் கடைசியில ஒரு யார்டு வேணும்னு போனப்போ."

தலையைக் குனிந்து இடிப்பது எவ்வளவு ஆபத்து என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சாண்டர்ஸ் 2,000 யார்டைத் தாண்டிய அதே நாளில், அதே மைதானத்தில், ரெஜி பிரவுன் என்ற 23 வயது லயன்ஸ் லைன்பேக்கர் எதிராளியை மடக்கிப் பிடிக்கும் ஒரு டேக்கிளில் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டு அசைவில்லாமல் கிடந்தார். 109 கிலோ ஆள். உயிர் பிழைத்தார், நடந்தார், திரும்ப ஆடவில்லை. அந்தக் கதையை அவனுக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். மறுபடி சொல்லவில்லை.

அவன் ஸ்பாஞ்சை நனைத்துக்கொண்டு வந்து பக்கவாட்டுக் கோடுகளைத் தேய்க்க ஆரம்பித்தான். ஏழும் போயின. முன்பக்கம் கையை வைத்தபோது, "அதை விட்டுடு" என்றேன். ஒரு கணம் என்னைப் பார்த்தான். பிறகு ஸ்பாஞ்சைப் பிழிந்து சிங்க்கில் வைத்துவிட்டு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான்.

அடுத்த வியாழக்கிழமை ஆட்டத்துக்கு இறங்கும்போதும் அந்த இரண்டு நீலத் தடமும் ஹெல்மெட்டில் இருந்தன. அன்று 11 ஓட்டம். இரவு மேசையில் வைத்து எண்ணியபோது புதிதாக ஆறு. ஆறும் பக்கவாட்டில்.